பிஆர் அட்டையா, கனடாக் குடியுரிமையா, இரட்டைக் குடியுரிமையா? வந்த வழியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விடயம்

ஐம்பது டொலர் கட்டிப் பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு இருந்துவிடலாமா, அல்லது 600 டொலருக்கு மேல் செலவழித்துக் குடியுரிமை எடுப்பதா என்ற பேச்சு, இலங்கையிலிருந்து வந்து கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அட்டையின் ஐந்தாண்டுக் காலம் முடியப்போகும்போதுதான் பெரும்பாலும் எழுகிறது. அதற்குள் மூன்றாவது தெரிவொன்றும் வந்து சேர்கிறது: கனடாக் குடியுரிமையோடு இலங்கைக் குடியுரிமையையும் வைத்துக்கொள்வது. இம்மூன்றில் எது நல்லது என்று பொதுப்படச் சொல்பவரின் பேச்சை நான் நம்புவதில்லை. ஒருவர் எந்த வழியால் இந்நாட்டுக்கு வந்தார் என்பதைக் கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே மூவர் மூன்று வழியால் வந்தோம். அண்ணன் அகதிக் கோரிக்கை வைத்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர். நான் தொழிற்றகைமை அடிப்படையில் விண்ணப்பித்து வந்தவன். அம்மா பின்னர் எங்களால் பொன்சர் செய்யப்பட்டு, அதாவது எங்கள் பொறுப்பில் அழைக்கப்பட்டு வந்தவர். மூவருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்லியிருந்தால் அண்ணனுக்கு அது பெருந்தீங்காய் முடிந்திருக்கும்.

முதலில் ஒன்றும் செய்யாமல் இருப்பதன் நன்மையை நேர்மையாகப் பார்க்கலாம். நிரந்தர வதிவாளர் ஒருவர் வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம், கனடாவில் இருந்துகொண்டு மனைவியையோ கணவனையோ பொன்சர் செய்யலாம். மருத்துவக் காப்புறுதிக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் குடியுரிமை ஒரு நிபந்தனையல்ல. குடியுரிமை எடுத்துவிட்டால் ஒன்ராறியோ மாகாணத்தின் ஓஹிப் என்ற மருத்துவக் காப்புறுதி அட்டையை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக யாழ்ப்பாணத்தில் இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. எந்த 12 மாத காலத்திலும் 153 நாட்கள் மாகாணத்தில் இருக்க வேண்டும் என்ற விதி குடிமகனுக்கும் வதிவாளருக்கும் ஒன்றேதான். முதியோர் ஓய்வூதியத்துக்கு 18 வயதின் பின் 10 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து பெறுவதற்கு 20 ஆண்டுகள் வேண்டும். அட்டை காலாவதியானால் அந்தஸ்தும் போய்விடும் என்ற அச்சமும் தேவையற்றது. அட்டை பயணத்துக்கான சான்று மாத்திரமே. அந்தஸ்தைக் காப்பது, ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருத்தல் என்ற நிபந்தனை.

இந்த 730 நாள் கணக்கு இங்கேயே வேலை செய்து வாழ்பவருக்கு ஒரு பொருட்டல்ல. பனிக்காலம் தொடங்க ஊருக்குப் போய், கோயில் திருவிழா முடிய வருவோம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டுதான் திரும்பும் முதியவர்களுக்கோ அது ஒரு கத்தி. அம்மா அப்படிப்பட்டவர். அவருடைய நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்ட நாட்களை எண்ணி எண்ணிக் களைத்தபிறகுதான் அவருக்குக் குடியுரிமை எடுப்பதென்று வீட்டில் தீர்மானித்தோம். குடிமகனுக்கு அவ்வாறான நாட்கணக்கு எதுவும் இல்லை. பத்தாண்டு கழித்து வந்தாலும் கதவு திறக்கும்.

பயணத்தைப் பொறுத்தவரை, இலங்கைக் கடவுச்சீட்டையும் பிஆர் அட்டையையும் வைத்திருப்பவருக்கும் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நம்முடைய உறவுகள் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் சிதறிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னரே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். செத்தவீட்டுக்கு அப்படி முடியாது. பாரிஸில் மாமாவின் உடல் நான்கு நாளில் தகனமாகப் போகிறது என்று தொலைபேசி வந்தபோது, விசாவுக்கு நேரம் எடுக்கவே இரண்டு வாரமாகும் என்று தெரிந்து, அண்ணன் அன்று இரவு முழுவதும் கைப்பேசித் திரையில் அந்தச் சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்களிக்கும் உரிமையையும் தேர்தலில் நிற்கும் உரிமையையும் பலர் முதலில் சொல்வார்கள். அவை பெரிய உரிமைகளே. ஆனாலும் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது அந்த இரவுதான்.

அண்ணனுடைய நிலைமையில் இதைவிடப் பாரதூரமான ஒரு விடயம் மறைந்திருந்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பின்னர் பிஆர் பெற்றவரின் அந்தஸ்து, மற்றவர்களின் பிஆர் போன்றதல்ல. 2012 ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அவர் தாமாக விரும்பித் தமது பிறந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதிப் பாதுகாப்பு மட்டுமன்றி நிரந்தர வதிவிட உரிமையும் அதனுடனேயே இல்லாது போகும். குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது. மத்திய நீதிமன்றத்தில் மீளாய்வு கோருவது ஒன்றே எஞ்சியிருக்கும். பிறந்த நாட்டின் பாதுகாப்பை நாடினார் என்பதற்கு அதிகாரிகள் வழக்கமாகக் காட்டும் அடையாளம் இரண்டு: அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்தது அல்லது புதுப்பித்தது, அதைக் கொண்டு அந்த நாட்டுக்குப் போனது. 2022 இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் அந்த நபருக்கு விளைவு தெரிந்திருந்ததா, அவர் யாருக்கு அஞ்சி வந்தார், எதற்காகப் போனார், அந்தஸ்து பறிக்கப்பட்டால் அவருக்கு நேரும் பாதிப்பு எவ்வளவு என்பவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லிய பிறகு வாதிடுவதற்குச் சற்று இடம் கிடைத்திருக்கிறது. வாதிடும் நிலைக்கே போகாதிருப்பது அதைவிட மேலானது.

கனடா அரசு தரும் அகதிப் பயண ஆவணத்தில் இலங்கைக்குப் போக முடியாது என்பதால், "அம்மா கடுமையா வருத்தமா இருக்கிறா" என்ற ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு துணைத்தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுள் பலர் ஒரு கேள்வியும் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். அதனாலேயே மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்திலேயே, கடந்த ஐந்தாண்டில் கனடாவுக்கு வெளியே இருந்த ஒவ்வொரு பயணத்தையும், போன நாடும் காரணமும் சேர்த்து எழுத வேண்டும் என்பதைப் பலர் படிவத்தைத் திறக்கும்போதுதான் காண்கிறார்கள். ஊருக்குப் போய்வந்த விபரம் தம் கையாலேயே எழுதிக் கொடுக்கப்படுகிறது. பிறந்த நாட்டின் பாதுகாப்பை நாடினாரா என்ற விசாரணை தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பமும் நிறுத்திவைக்கப்படலாம். இவ்வாறு ஏற்கெனவே போய்வந்தவர் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது செலவல்ல, காப்புறுதி. சத்தியப்பிரமாணம் செய்து குடிமகனான பிறகு இந்த ஆபத்து இல்லை. குடியுரிமையைப் பறிப்பதற்கு, அதைப் பெறுவதற்கான வழியில் மோசடியோ பொய்யோ இருந்ததென நிறுவ வேண்டும்.

ஆகவே அகதியாக வந்தவருக்கு முதல் தெரிவு தெரிவே அல்ல என்பது என் எண்ணம். அட்டையை மூன்று தடவை, நான்கு தடவை புதுப்பித்துக்கொண்டிருக்கும் உறவினர் ஒருவரிடமாவது இதைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்குமோ தெரியாது. "பிறகு பார்ப்பம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

தகைமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்தாண்டில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்ட பின் பிஆர் கிடைக்கும்வரை இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, மொத்தம் 365 நாட்கள்வரை சேரும். அந்த ஐந்தாண்டில் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கேனும், கடமைப்பட்டிருந்தால், வரிக்கணக்குக் காட்டியிருக்க வேண்டும். 18 முதல் 54 வயதுவரை உள்ளோருக்கு மொழித்திறன் சான்றும், 20 கேள்விகளில் 15 சரியாக எழுத வேண்டிய பரீட்சையும் உண்டு. 55 வயதானவருக்கு இரண்டும் இல்லை. ஆங்கிலத்துக்குப் பயந்து தள்ளிப்போடும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுவே.

இனி மூன்றாவது தெரிவு. கனடா இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. இடையூறு இலங்கைப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையர் ஒருவர் தாமாக வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் அவருடைய இலங்கைக் குடியுரிமை சட்டப்படி அற்றுப்போகிறது. ஆனால் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவில் இரண்டு வாசல்கள் உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற எண்ணியிருப்பவர் முன்கூட்டியே விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வது ஒன்று. இழந்துவிட்டவர் பின்னர் விண்ணப்பித்து அதை மீளப் பெறுவது மற்றது. 55 வயதைக் கடந்திருத்தல், கல்வி அல்லது தொழிற்றகைமை, இலங்கையில் சொத்து அல்லது வைப்புப் பணம் என்பவற்றுள் ஒன்றை ஆதாரமாகக் காட்ட வேண்டும், கட்டணமும் சிறியதன்று.

இரண்டு வாசல்களும் ஒரே அறைக்குத்தான் திறக்கின்றன, எது வசதியோ அதனால் நுழையலாம் என்று எண்ணுவது இயல்பு. தொழிற்றகைமையில் வந்த எனக்கு அது சரியான எண்ணமே; சத்தியப்பிரமாணத்துக்கு முன்னரே தக்கவைக்க விண்ணப்பித்திருந்தால் இடையில் ஒரு நாளும் இலங்கைக் குடியுரிமை அறாமல் இருந்திருக்கும். அண்ணனோ அந்த முதல் வாசலுக்குக் கிட்டவும் போகக்கூடாதவர். கனடாக் குடிமகனாகுமுன் இலங்கை அரசிடம் போய், "என்னை உங்கள் குடிமகனாகவே வைத்திருங்கள்" என்று எழுத்தில் கேட்பதை, பிறந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதற்குச் சான்றாக எடுத்துக் காட்ட ஓர் அதிகாரிக்கு இடம் கிடைத்துவிடும். அகதியாக வந்தவருக்கு ஒழுங்குமுறை இதுதான்: முதலில் சத்தியப்பிரமாணம், அடுத்துக் கனடாக் கடவுச்சீட்டு, அதன் பிறகு ஊர்ப் பயணம், விரும்பினால் கடைசியாக மீளப் பெறுவதற்கான விண்ணப்பம். இந்த வரிசையில் ஒன்றை முன்பின் மாற்றினால், ஒரே காகிதம் ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்கு வில்லங்கமாகவும் ஆகிவிடுகிறது.

இரட்டைக் குடியுரிமையால் என்ன பயன் என்று கேட்டால், ஊரில் காணி உள்ளவருக்கே அதன் அருமை தெரியும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. கனடாக் குடியுரிமை எடுத்தால் தாய் தந்தையின் வளவு கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுவோருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்: முதுசமாக நெருங்கிய உறவினருக்கு வரும் காணியை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. புதிதாகப் பக்கத்து வளவை விலைக்கு வாங்க விரும்புவோருக்கும், ஓய்வுக்காலத்தில் ஊரிலே வீடு கட்ட எண்ணுவோருக்கும்தான் தடை உறைக்கும். அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்ற விலக்கு கொழும்பில் பயன்படும். சாவகச்சேரியில் அதனால் என்ன பயன்? தற்போது அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து மைத்துனரைக் கொண்டு காணியைப் பார்த்துக்கொள்பவர் அந்த ஏற்பாட்டைத் தொடரலாம் என்பதால், காணி வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தச் செலவைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கையில் ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால், அந்நாட்டு அதிகாரிகள் அவரைத் தம் நாட்டவராகவே கருதக்கூடும். கனடாத் தூதரகத்தின் உதவி அப்போது மட்டுப்படலாம். 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மறக்காத தலைமுறைக்கு இது சிறிய விடயமல்ல. மறுபுறம், நாடாளுமன்ற உறுப்பினராகும் எண்ணம் உள்ளவருக்கு இந்த வழி பயன்படாது: இரட்டைக் குடியுரிமையாளருக்கு 2015 இல் போடப்பட்ட தடை 2020 இல் நீங்கி, 2022 இல் மீண்டும் வந்துவிட்டது.

சத்தியப்பிரமாணத்தின் வாசகமே சிலருக்கு இடறலாக இருக்கிறது. மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். 2021 ஜூன் முதல், கனடாவின் ஆதிக்குடிகளான முதற்குடிகள், இனுவிற், மேற்றி மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் அரசியலமைப்பு உட்படக் கனடாவின் சட்டங்களைப் பேணுவேன் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. "வெள்ளைக்கார ராசாவுக்கு நான் ஏன் சத்தியம் பண்ண வேணும்?" என்று கேட்ட பெரியவர் ஒருவருக்கு, 1972 வரை இலங்கையும் அதே முடியின் கீழ்தான் இருந்தது, நீங்கள் பிறந்ததே அந்த ஆட்சியில்தான் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. 2014 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த வாசகம் ஒரு தனிமனிதரைக் குறிப்பதன்று, நாட்டின் ஆட்சிமுறைக்கான குறியீடே என்று தீர்த்துவிட்டது. கடவுளின் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழியாக அதைச் சொல்லலாம். புனித நூலைத் தொட்டுச் சொல்ல விரும்புவோர் தம்முடையதைக் கொண்டுவரலாம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சத்தியப்பிரமாணம் செய்யத் தேவையில்லை.

கடைசித் தெரிவு, சத்தியப்பிரமாண வைபவத்துக்கு நேரில் போவதா, வீட்டிலிருந்து திரையில் சேர்வதா என்பது. திரைவழி வைபவம் 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது தொடங்கியது. இன்றும் பலருக்கு அழைப்பு அந்த வடிவிலேயே வருகிறது. நேரில் வர விரும்புவோர் குடிவரவுத் திணைக்களத்திடம் கேட்கலாம். என்னுடையது பெருந்தொற்றுக்கு முன் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசல் மேசையில் பிஆர் அட்டையைக் கொடுத்துவிட்டு, எண்ணிட்ட நாற்காலியில் அமர்ந்து, சிவப்புச் சட்டை அணிந்த மத்திய பொலிஸ்காரரின் பக்கத்தில் நின்ற குடியுரிமை நீதிபதி சொல்லச் சொல்ல, வலக்கையை உயர்த்தி ஆங்கிலத்தில் ஒரு தடவையும், நாக்கு புரளாத பிரெஞ்சில் ஒரு தடவையும் சொன்னோம். எனக்கு முன்வரிசையில் நின்ற எத்தியோப்பியப் பெண்மணி பிரெஞ்சு வரிகளில் உதடுகளை மட்டும் அசைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவினுடையது சாப்பாட்டு மேசையில் நடந்தது. பட்டுச்சேலை உடுத்து, தேவாரப் புத்தகத்தை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்து, காலை எட்டு மணிக்கே வந்து அமர்ந்துவிட்டார். காத்திருப்பு அறை, ஆளடையாளச் சரிபார்ப்பு, மற்றவர்களின் முறை என்று நேரம் போனது. அவருடைய முறை வந்தபோது அதிகாரி பிஆர் அட்டையைக் கமராவுக்கு நேரே பிடித்து வெட்டச் சொன்னார். அறிவித்தலில் கத்தரிக்கோல் ஆயத்தமாக வைத்திருக்கும்படி எழுதியிருந்ததை நான் படித்திருந்தும், கைக்குக் கிடைத்தது தையல் பெட்டியில் இருந்த நூல்வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். அட்டை வளைந்ததே தவிர வெட்டுப்படவில்லை. "தம்பி, உது சரிவராது, மீன் வெட்டுறதை எடுத்துக்கொண்டு வா" என்று அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவருக்கும், நெடுந்தூரம் பயணிக்க இயலாத முதியவருக்கும், வடக்கு ஒன்ராறியோவில் வாழ்பவருக்கும் திரைவழி வைபவத்தைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் நேரில் போகக் கேட்டுப் பார்க்கலாம். திரைவழியில் கமராவும் இணைய இணைப்பும் நமது பொறுப்பு. அன்று கனடாவுக்குள் இருக்கவும் வேண்டும். முடிந்ததும் சத்தியப்பிரமாணப் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்; சான்றிதழ் அதன் பிறகே வரும். எதில் கலந்துகொண்டாலும் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். தந்தை பெயர் முதலில் வரும் நம் வழக்கத்தால் பிஆர் ஆவணத்திலேயே பெயர் தலைகீழாய்ப் பதிந்திருப்பது அடிக்கடி நடப்பது. அது சான்றிதழிலும் அப்படியே ஏறி, அங்கிருந்து கடவுச்சீட்டிலும் ஏறும். பிறகு மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பமும் 75 டொலரும் காத்திருப்பும். வைபவத்துக்கு வர முடியாவிட்டால் காரணத்தை உடனே எழுதி அறிவிக்க வேண்டும்; பேசாமல் இருந்துவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம்.

வைபவத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் பயணச்சீட்டு எதுவும் போடக்கூடாது. பிஆர் அட்டை போய்விட்டது, கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை. வெளிநாட்டில் நின்றால் கனடாவுக்கு விமானம் ஏறக் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இராது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, வெட்டிய அட்டையின் இரண்டு துண்டுகளையும் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். கடவுச்சீட்டு முப்பத்தாறாம் நாள் தபாலில் வந்தது.